இறந்துபோன அப்பாவுக்கு சிலிக்கான் சிலை: ஆளளவுல செய்யணுமா, சின்னதா செய்யலாமா?

டவுண்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சிற்பம் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சவங்க இங்க இருக்காவன்னு சொன்னதுனால கேக்கேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

எங்கப்பா போன ஐப்பசியில தவறிட்டாவ. நெல்லையப்பர் கோயில் ரதவீதி பக்கம் தையக்கடை வச்சிருந்தாவ, சாவுறதுக்கு முந்துன வாரம் வரைக்கும் மிஷின்ல உக்காந்த மனுசன். அண்ணன் துபாய்ல இருக்கான். அவன் வருச திதிக்கு வாரதுக்குள்ள அப்பா உருவத்த சிலிக்கான்ல ஆளளவுக்கு செஞ்சு ஹால்ல சேர்ல உக்கார வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். 2020ல கர்நாடகா கொப்பல்ல ஒருத்தர் விபத்துல போன தன் மனைவி உருவத்த செஞ்சு புதுவீட்டு கிரகப்பிரவேசத்துக்கு சோபால உக்கார வச்சாருல்லா, அந்த வீடியோவ அன்னையில இருந்து போன்லயே வச்சிருக்கான், பாத்து பாத்து அழுவான். செலவு பூரா என்னுதுங்கான்.

அம்மாவுக்கு சுத்தமா பிடிக்கல. "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா இருட்டுல அவிய உக்காந்திருப்பாவ, நான் என்ன செய்ய, பேசவா, பேசாம போகவா"ன்னு கேக்கா. எனக்கு ரெண்டு பேரு பேச்சும் நியாயமாத்தான் தெரியுது.

இதுல நான் பாட்டுக்கு தேடிப் பாத்தப்போ ரான் மியூக்னு ஒரு வெளிநாட்டுச் சிற்பி தன்னோட அப்பாவுக்கு செஞ்ச சிலை படம் ஒண்ணு கிடைச்சுது, 'டெட் டேட்'னு பேரு, செத்த அப்பான்னு அர்த்தம். செத்துப்போன மனுசன் மல்லாக்கப் படுத்திருக்காரு, ஒரு துண்டு துணி இல்ல, உள்ளங்கை ரெண்டும் மேல பாத்துக் கிடக்கு. தோல், நரம்பு, முடி, கால் நகம் அத்தனையும் அப்படியே உசிருள்ள ஆள் உடம்பு. ஆனா நீளம் 102 சென்டிமீட்டர்தானாம், மூணரை அடி கூட இல்ல. இத்தன நுணுக்கமா செய்யத் தெரிஞ்சவரு அளவ மட்டும் ஏன் குறைச்சாரு? சொந்த அப்பாவ இப்படி சின்னதாக்கி, அம்மணமா ஊருக்குக் காட்டுறது மரியாதையா? அது புரிஞ்சா எங்க வீட்டு சங்கதியிலயும் ஒரு முடிவுக்கு வரலாம்னு தோணுது. அதான் கேக்கேன்.

—

பாளை ஃபைபர் பட்டறை:

தம்பி, அப்பாவப் பறிகொடுத்த வீட்டுல இந்தப் பேச்சு வாரது சாதாரணம். நான் கும்பகோணத்துல சிற்பம் படிச்சிட்டு இங்க பாளையங்கோட்டையில பட்டறை வச்சிருக்கேன், ஃபைபர்லயும் சிலிக்கான்லயும் உருவம் செய்யுதேன், இறந்தவங்க உருவம் கேட்டு நெறைய பேரு வாராங்க. அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுதேன்.

மியூக் 1958ல மெல்போர்ன்ல பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜெர்மனியில இருந்து போனவங்க, பொம்மை செய்யுற தொழில். இவரும் டிவியில குழந்தைங்க நிகழ்ச்சிக்கு பொம்மை செஞ்சு ஆட்டுறது, சினிமாவுக்கு விளம்பரத்துக்கு மாடல் செய்யுறதுன்னுதான் ரொம்ப வருசம் பொழச்சாரு. அவரு மாமியார் பவுலா ரேகோ பெரிய ஓவியர், 1996ல அந்தம்மாவோட கண்காட்சிக்காக ஒரு பினோக்கியோ பையன் உருவம் செஞ்சு குடுக்கப் போய்த்தான் சார்லஸ் சாட்சின்னு கலைப்பொருள் வாங்கிச் சேக்குறவரு கண்ணுல பட்டாரு. 1997ல லண்டன் ராயல் அகாடமியில நடந்த 'சென்சேஷன்' கண்காட்சியில இந்த அப்பா சிலையை வச்சாங்க. அந்தச் சிலை தலையில இருக்குற முடி மியூக்கோட சொந்த முடி. தன் தலையில இருந்து எடுத்து ஒண்ணொண்ணா அப்பா தலையில நட்டிருக்காரு. மரியாதையான்னு கேட்டீங்கல்லா, நான் முதல்ல இதத்தான் சொல்லுவேன். மாசக்கணக்குல உக்காந்து அப்பாவோட கணுக்கால் சுருக்கத்தையும் காது மடலையும் பாத்துப் பாத்து செய்யுறதுக்கு மரியாதைன்னு பேரு இல்லன்னா வேற எதுக்கு அந்தப் பேரு?

அளவு சங்கதிக்கு வாரேன். மியூக் ஆளளவுல செய்யவே மாட்டாரு. ஆளளவுல இருக்குற மனுசங்களத்தான் தினம் பாக்கோமே, அதுல என்ன இருக்குங்கிறது அவரு கட்சி. ஒண்ணு சின்னதாக்குவாரு, இல்லன்னா பூதாகரமாக்குவாரு. சின்னதாக்குனா என்ன ஆகும்? நீங்க நின்ன இடத்துல நின்னு பாக்க முடியாது. கிட்டப் போகணும், குனியணும், அப்பத்தான் கண்ணுக்கு இமை முடி தெரியும். பெத்த அப்பா மூஞ்சிய அவ்வளவு கிட்டத்துல போயி நாம எப்ப பாத்தோம்? நம்ம ஊர்ல ஆம்பளப் பிள்ளைங்க அப்பா முன்னால தள்ளி நின்னுதான் பேசுவோம். அந்தச் சிலை உங்கள தள்ளி நிக்க விடாது.

பெருசாக்குனா வேற மாதிரி. 1999ல 'பாய்'னு ஒரு பையன் குத்தவச்சு உக்காந்த உருவம், உக்காந்த வாக்குலயே கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர். லண்டன் மில்லேனியம் டோம்ல வச்சிருந்தாங்க, 2001ல வெனிஸ் பியனாலேங்கிற பெரிய கலைக் கண்காட்சிக்குப் போச்சு, இப்ப டென்மார்க் ஆருஸ் ஊர் மியூசியத்துல இருக்கு. அவ்வளவு பெரிய பையன், ஆனா பயந்து ஒடுங்கி, முகத்த கையால பாதி மறைச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாக்கான். உடம்பு மலை, உள்ள இருக்குறது பயம். 2005ல செஞ்ச 'இன் பெட்' ஒரு பொம்பள கட்டில்ல முழங்கால மடக்கி சாஞ்சு யோசனையில இருக்குற உருவம், ஆறரை மீட்டர் நீளம். அது பக்கத்துல நின்னா நாம நாலு வயசுப் பிள்ளையாகி, அம்மா ஏதோ கவலையில இருக்கா என்னன்னு தெரியலயேன்னு நிக்குற நெலம. இந்தம்மா ராணியும் இல்ல தெய்வமும் இல்ல, பேரே தெரியாத ஒருத்தி. முன்னெல்லாம் ராசாவுக்கும் சாமிக்கும்தான் இந்த அளவு குடுப்பாங்க. அத எடுத்து சாதாரண மனுசியோட ஒரு மத்தியான கவலைக்குக் குடுக்குறதுதான் எனக்கு மியூக்கிட்ட ரொம்பப் பிடிச்சது.

அப்ப ஆளளவே தப்பான்னா, இல்ல. டூவான் ஹான்சன்னு அமெரிக்கக்காரர், 1925ல பொறந்து 1996ல தவறிட்டாரு. அவரு ஆள உக்கார வச்சு உடம்பு மேலயே மோல்டு, அதாவது அச்சு எடுத்து, பாலியெஸ்டர் ரெசின்ங்கிற பிசின்ல ஊத்தி, நெசமான சட்டை செருப்பு போட்டு விடுவாரு. எல்லாம் ஆளளவு. துப்புரவு செய்யுற அம்மா, கட்டட வேலை செய்யுறவங்க, மியூசியம் காவலாளி, டூர் வந்த வயசான ஜோடி. காவலாளின்னு நெனச்சு அது கிட்ட வழி கேப்பாங்க சனங்க. ஏமாந்து, அப்புறம் திரும்பிப் பாக்கும்போதுதான், துடைப்பத்தோட நிக்குற ஒரு அம்மாவ நாம இத்தன நாள் முகம் குடுத்துப் பாத்ததே இல்லன்னு உறைக்கும். அதுக்கு ஆளளவு வேணும், ஏமாறலேன்னா அந்தச் சிலைக்கு வேலை இல்ல.

ஆனா மியூசியத்துல ஒருதரம் ஏமாறுறது வேற, சொந்த வீட்டுல தினமும் ஏமாறுறது வேற. உங்கம்மா கேட்டாங்கல்லா, பேசவா பேசாம போகவான்னு, இந்த விசயத்துல நான் கேட்டதுலயே ரொம்ப சரியான கேள்வி அது. ஆளளவுல செஞ்சா அது அப்பா இருந்த இடத்த அடைச்சுக்கிடும். அளவ மாத்திட்டா பாத்த உடனே மனசுக்குத் தெரிஞ்சிரும் இது அவரு இல்ல, அவர நெனச்சு செஞ்சதுன்னு. தெரிஞ்சப்புறம் பயமில்லாம கிட்டப் போகலாம். என்னோட முடிவு இதுதான்.

—

செய்துங்கநல்லூர் ஓய்வு:

தம்பி டவுண்காரரே, நான் முப்பது சொச்சம் வருசம் வாத்தியார் வேலை பாத்தவன், மேல எழுதுன தம்பி விவரமானவர்தான், இருந்தாலும் எனக்கு ஒப்பவே இல்ல. பெத்தவர அம்மணமா கிடத்தி நாலு நாட்டு சனம் சுத்தி நின்னு பாக்கும்படி வைக்கிறதுல என்ன மனிதநேயம்? நம்ம ஊர்ல பிரேதத்த குளிப்பாட்டும்போது கூட நாலு பக்கமும் வேட்டியப் பிடிச்சு மறைப்போம். செத்தவனுக்கு மானம் உண்டுன்னு நெனைக்கிற சனம் நாம.

உழைக்கிற மனுசன மேல தூக்கணும்னா மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்கே, 1959ல வச்சது, தேவிபிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது. நாலு பேரு, முக்கால்வாசி வெறும் உடம்புதான், ஆனா அந்தப் பாறைய நெம்புற வேகத்துல அது அம்மணம்னே கண்ணுக்குப் படாது. முதுகுத் தசை ஒவ்வொண்ணும் பேசும். பேரு ஊரு தெரியாத கூலியாளுக்கு கடற்கரையில தலைவர்களோட சமமா இடம் குடுத்தாங்கல்லா, அது மனிதநேயம். கன்னியாகுமரியில வள்ளுவர 133 அடிக்கு நிறுத்துனோம், அது மரியாதை. உயர்ந்த ஆள உயரமா வைக்கிறதுதான் முறை. அப்பாவ பாதியா குறைக்கிறதுக்கு எவ்வளவு பெரிய விளக்கம் சொன்னாலும் எனக்கு மனசு ஏத்துக்கிடல.

—

கல்தச்சன் பேரன்:

ஐயா சொன்ன வள்ளுவர் சிலையில இருந்தே ஆரம்பிக்கேன். எங்க தாத்தா கல்வேலை பாத்தவரு, நான் இப்ப கோயில் சுதை வேலைக்குப் போறேன், அதனால இந்த அளவு விசயம் கொஞ்சம் தெரியும்.

133 அடிங்கிறது வள்ளுவரு எவ்வளவு பெரிய மனுசன்னு காட்ட வச்ச அளவு இல்லங்க ஐயா. 133 அதிகாரம், அதான் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பால் 38 அதிகாரம். மேல நிக்குற உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேந்து 95. கணபதி ஸ்தபதி அதக் கணக்காத்தான் வச்சிருக்காரு. 2000 ஜனவரி 1ல திறந்தாங்க. ஆக அங்க உயரம் நூலச் சொல்லுது.

நம்ம சாஸ்திரத்துல அளவுக்கு அடிப்படையே உருவத்தோட முகம்தான். முகம் ஒரு தாளம், ஒரு தாளத்துக்கு பன்னெண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில வாங்குற ஸ்கேல்ல இருக்குற இஞ்சு கிடையாது, செய்யப் போற உருவத்தோட மொத்த உயரத்துல இருந்து வகுத்து எடுக்குறது. சிவன் விஷ்ணு பெரிய மூர்த்திக்கு உத்தம தசதாளம், அதாவது பத்து தாளத்துலயே பெரிய அளவு, 124 அங்குலம். மனுசனுக்கு எட்டு தாளம், பிள்ளையாருக்கு அஞ்சு. அதனால விரக்கடை உயரத்துல செஞ்சாலும் இருபது அடியில செஞ்சாலும் அதே சிவன்தான். சின்னதா செஞ்சா மரியாதை குறையும்னா வீட்டுல பூசையில வைக்கிற பஞ்சலோக விக்கிரகத்துக்கு என்ன சொல்லுவிய? ஒரே சிலைக்குள்ள பெருசும் சின்னதும் வரும்போதுதான் தகுதிக் கணக்கு வரும், நடராசர் காலுக்குக் கீழ முயலகன் குட்டியா கிடக்கான்லா, அது அந்தக் கணக்கு. தனியா நிக்குற உருவத்துக்கு அது பொருந்தாது.

ஆனா அச்சு அசலா மனுசன செய்யுறதுல எங்க பக்கம் ஒரு தயக்கம் எப்பவும் உண்டு. சுக்ரநீதிங்கிற பழைய சமஸ்கிருத நூல்ல இருக்கு, தெய்வ உருவம் லட்சணம் குறைஞ்சிருந்தாலும் நல்லது, மனுச உருவம் லட்சணமா அமைஞ்சாலும் நல்லதில்லன்னு. எனக்கு அந்த வாக்கு முழுசும் ஒப்பு இல்ல. நம்ம சிற்பிமாரே அத முழுசா கேக்கலயே. மகாபலிபுரம் ஆதிவராகர் குகையில பல்லவ ராசாக்கமாரு உருவம் இருக்கு, மதுரையில திருமலை நாயக்கர் உருவம் இருக்கு. அவ்வளவு தூரம் ஏன், பாளையங்கோட்டையில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் தூணப் பாருங்க. நாயக்கர் காலத்து வேலை. குறவன் இளவரசிய தோள்ல தூக்கிட்டு ஓடுறான், அந்தக் கனம் அவன் உடம்புல இறங்குனது விலா எலும்புல தெரியும், கால்ல நரம்பு புடைச்சிருக்கும். ஒரே கல்லு. அது தெய்வம் இல்ல, மூச்சு வாங்குற மனுசன். கோயிலுக்குப் போற சனம் பெருமாளக் கும்பிட்டுட்டு அந்த நரம்பத் தொட்டுப் பாக்காம வர மாட்டாவ.

அம்மண உடம்பு, அழகில்லாத உடம்பு பத்தி ஐயா சொன்னதுக்கு இன்னொண்ணு. காரைக்கால் அம்மையார் செப்புத்திருமேனி பாத்திருக்கியளா? நெஞ்சு வத்தி, விலாவும் கழுத்து எலும்பும் துருத்தி, கையில ஜால்ராவோட உக்காந்திருக்கும். கிழடு தட்டுன பொம்பள உடம்ப மறைக்காம வடிச்சு அதக் கும்பிட்ட சனமும் நாமதான்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு முடிக்கேன். நம்ம சீமையில சுடலைமாடன் கோயில்ல பெரும்பாலும் என்ன இருக்கு? பீடம். செங்கல்லும் காரையும் வச்சு, கீழ அகலமா மேல போகப் போக ஒடுங்கி, ஆள் உயரத்துக்கு வெள்ளையடிச்ச ஒரு தூணு. கண்ணு இல்ல, மூக்கு இல்ல. அகாலத்துல செத்தவங்களக் கூட தெய்வமாக்கி இப்படி பீடம் போட்டுத்தான் நூறு வருசம் இருநூறு வருசம் வச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாலைய அதுக்குத்தான் போடுதோம், அது முன்னாலதான் அழுவுதோம். செத்தவங்கள நெனைக்க மூஞ்சி ஒண்ணு கட்டாயம் வேணும்னு இல்லன்னு உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க. சிலிக்கான் வேண்டாம்னு சொல்ல வரல. முகம் அச்சா வந்தாத்தான் பாசம்னு அவரு நெனச்சிரக் கூடாது, அதுக்காகச் சொல்லுதேன்.

—

வார்டு சிஸ்டர்:

இத்தன ஆம்பளைங்க பேசுனதுல நான் ஒரு வார்த்தை. நான் நர்ஸ், பிரசவ வார்டுல ரொம்ப வருசம் இருந்தேன், இப்ப வயசானவங்க வார்டுல இருக்கேன். கலை எல்லாம் நான் படிக்கல, டவுண்கார தம்பி எழுதுனதப் பாத்துட்டு அந்த டெட் டேட் படத்தத் தேடிப் பாத்தேன், ரொம்ப நேரம் பாத்தேன்.

வாத்தியாரு ஐயா அது அவமரியாதைன்னு சொன்னாவ. ஐயா, இறந்தவங்கள கடைசியா துடைச்சு சுத்தம் பண்ணி வெள்ளத்துணி சுத்துறது எங்க கைதான். உசிரு போன உடனே உடம்பு சின்னதாயிரும். அளந்து பாத்தா அதே அளவுதான் இருக்கும், ஆனா கண்ணுக்கு சின்னதாத்தான் தெரியும். வீட்டை அதட்டி வச்சிருந்த மனுசனா இருப்பாரு, ஆறடி ஆளா இருப்பாரு, கட்டில்ல பாத்தா இந்த ஆளையா நாலு பேரு பிடிச்சுத் திருப்புனோம்னு இருக்கும். மகன்மாரு உள்ள வந்து பாத்துட்டு முதல்ல சொல்லுறதே "அப்பா இவ்வளவு ஒடுங்கிட்டாவளே"ன்னுதான். எத்தன பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். அந்தச் சிலை செஞ்ச மகன் அப்பாவக் குறைக்கல, தன் மனசுல பட்ட அளவ அப்படியே செஞ்சிருக்காருன்னுதான் எனக்குப் பட்டுது. உடுப்பு இல்லாம இருக்குறதும் எனக்கு தப்பாத் தெரியல. பொறந்தப்போ எப்படித் துடைச்சு வாங்குனோமோ அப்படித்தான் போறப்போவும் துடைச்சு விடுதோம், அந்த நேரத்துல மனுச உடம்பு மேல வார இரக்கம் இருக்கே, அதுல வெக்கத்துக்கு இடமே இல்ல.

பட்டறை அண்ணாச்சி சொல்லாத ஒண்ணு தேடுறப்போ கிடைச்சுது, அதே மியூக் 2006ல 'எ கேர்ள்'னு பொறந்த பிள்ளைய செஞ்சிருக்காரு. அஞ்சு மீட்டர் நீளம்! தொப்புள்கொடி இருக்கு, உடம்புல ரத்தமும் பிசுபிசுப்பும் ஒட்டியிருக்கு, ஒரு கண்ணு லேசாத் திறந்து சுத்திப் பாக்குற பார்வை. பிரசவம் பாத்தவளுக்கு அது நெசம்னு தெரியும். மூணு கிலோதான் இருக்கும், ஆனா அது வெளிய வந்து விழுந்த நிமிசத்துல அந்த ரூம்ல வேற யாருக்கும் இடம் கிடையாது, டாக்டரு, தாயி, நாங்க எல்லாரும் அதச் சுத்திக் குட்டி ஆளாயிருவோம். பொறப்பு பெருசு, சாவு சின்னது. அளவுகோல் வச்சுப் பாத்தா பொய்யி, பக்கத்துல நின்னு பாத்தா அதுதான் உண்மை.

தம்பி, உங்க அம்மா சொல்லுறதக் கேளுங்க. அண்ணன் வெளிநாட்டுல இருந்து கடைசி நேரத்துல முகம் பாக்க முடியாம போயிருக்கும்னு நெனைக்கேன், அவனுக்கு அப்பா மறுபடி உக்காந்திருக்கணும். அம்மா கூடவே இருந்து அனுப்பி வச்சவ. ரெண்டு பேரும் ஒரே அளவுல துக்கத்துல இல்ல.

—

செய்துங்கநல்லூர் ஓய்வு:

சிஸ்டரம்மா எழுதுனத ரெண்டு தடவை வாசிச்சேன். நீங்க சொன்ன கோணத்துல நான் அந்த உருவத்தப் பாக்கல. இருந்தாலும் ஊர் சனம் பாக்க வைக்கிறது எனக்கு உறுத்தத்தான் செய்யும், அத மாத்திக்க முடியும்னு தோணல. வீட்டுக்குள்ள, பிள்ளைங்க மட்டும் பாக்க, உடுப்போட, சின்னதா செய்யுறதுல எனக்கு மறுப்பு இல்ல.

—

டவுண்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் சொன்னது நெசம், அண்ணனுக்கு லீவு கிடைக்கல, வீடியோ கால்லதான் பாத்தான். இத அவன் கிட்ட யாரும் பேசுனதே இல்ல. நேத்து ராத்திரி இந்தப் பதில் எல்லாத்தையும் அவனுக்கு வாசிச்சுக் காட்டுனேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப அம்மாவுக்குப் பயம் இல்லாத அளவு எதுன்னு கேளு"ன்னான். அம்மா கிட்டயும் கேட்டேன், மிஷின்ல உக்காந்து தைக்கிற மாதிரி, அலமாரியில வைக்கிற உசரத்துல இருந்தா சரிங்கா. கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கணுமாம், அவிய ஊசியில நூல் கோக்கும்போது அப்படித்தான் சாய்ப்பாவளாம், எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல.

பட்டறை அண்ணாச்சி, அந்த அளவுல இதே நுணுக்கத்தோட செய்ய முடியுமா? எதுல செய்யணும், நாங்க என்னென்ன எடுத்து வைக்கணும்?

—

பாளை ஃபைபர் பட்டறை:

முடியும் தம்பி, ஆனா சின்னதுன்னா வேலை குறையும்னு மட்டும் நெனைக்காதீங்க, கூடத்தான் செய்யும். எப்படின்னா, தலைமுடிய எடுத்துக்கிடுங்க. பாதி அளவு தலையில ஆளோட முடிய நட்டா அது தடிமனாத் தெரியும், உருவம் பொம்மையாயிரும். அதனால மெல்லிசு முடியாத் தேடி எடுக்கணும். அஞ்சு மீட்டர் ஆளுக்கு நேர் தலைகீழ், மனுச முடி பஞ்சாத் தெரியும், தடிச்ச நார் போடணும். தோல்ல இருக்குற துவாரம், சட்டைத் துணியோட இழை, பொத்தான், தையல் நூல் அத்தனைக்கும் இதே பிரச்சினை உண்டு. அப்பா டெய்லர்ங்கிறதுனால சட்டை விசயத்துல நீங்க ரொம்ப கவனமா இருக்கணும், கடைத்துணிய அப்படியே தச்சுப் போட்டா நெசவு பெருசாத் தெரிஞ்சு மொத்தத்தையும் கெடுத்துரும். ரொம்ப மெல்லிசான மல்லு மாதிரி துணியில தைக்கணும், அவரோட தொழில் சிநேகிதர் யாராவது இருந்தா அவர வச்சே தச்சுக்கலாம்.

முதல்ல கம்பி எலும்புக்கூடு கட்டி அது மேல களிமண்ல முழு உருவம் செய்வோம். அது சரின்னு ஆனப்புறம் மோல்டு. மோல்டு உள்பக்கத்துல முதல்ல பூசுற சிலிக்கான்தான் கடைசியில மேல்தோலா வெளிய தெரியும், அதனால மச்சம், நரம்பு நிறம், சிவப்பு எல்லாம் கலர் கலந்த சிலிக்கான்ல மெல்லிசு மெல்லிசா தலைகீழ் வரிசையில போட்டு, அதுக்குப் பின்னால கெட்டிக்கு ஃபைபர் குடுப்போம். பிரிச்செடுத்து, ஓரம் வெட்டி, அப்புறம் முடி. முகம், கழுத்து, முன்னங்கை, பாதம் சிலிக்கான் போதும், சட்டைக்குள்ள மறையிற உடம்பு ஃபைபராவே இருக்கட்டும், செலவும் குறையும். மெழுகு வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு நிக்காது. சிலிக்கான் சூடு தாங்கும், ஆனா தூசிய இழுக்கும், அதனால கண்ணாடிப் பெட்டி கட்டாயம். ஜன்னல் வெயில் நேரா படுற இடத்துல வைக்காதீங்க.

எடுத்து வைக்க வேண்டியது: ஸ்டுடியோ போட்டோவ விட கடையில, கல்யாண வீட்டுல அவருக்குத் தெரியாம எடுத்த படமும் வீடியோவும்தான் எனக்கு வேணும், பக்கவாட்டு முகம், பின்தலை, கை. ஸ்டுடியோ படத்துல எல்லாரும் விறைச்சுத்தான் நிப்பாங்க. அவரு போட்ட பழைய சட்டை ஒண்ணு துவைக்காம இருந்தா நல்லது, முழங்கை மடிப்பும் காலர் தேஞ்ச பக்கமும் உடம்பு எந்தப் பக்கம் சாயும்னு சொல்லிரும். கடையில அளவு நோட்டு இருக்கும், டெய்லர்மாரு தங்களுக்குத் தச்சுக்கிட்ட சட்டைக்கு அளவு எழுதி வச்சிருக்க வாய்ப்பு இருக்கு, தேடிப் பாருங்க, தோளு, கழுத்து, கை நீளம் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. செருப்பு இருந்தா அதையும் கொண்டாங்க. கண்ணாடி போட்டிருந்தாரா, அது மூக்குல எங்கன உக்காரும்னு அம்மாவக் கேட்டு எழுதிக்கிடுங்க.

கடைசியா ஒரு சங்கதி, நீங்க என்கிட்ட குடுத்தாலும் வேற யார்கிட்ட குடுத்தாலும் இத விட்டுறாதீங்க. களிமண்ல இருக்கும்போதே அம்மாவ பட்டறைக்குக் கூட்டிட்டு வந்து காட்டணும், வீடியோ கால்ல அண்ணனும் இருக்கணும். போட்டோ அனுப்புதேன்னு சொன்னா ஒத்துக்கிடாதீங்க, போட்டோவுல கழுத்துச் சாய்வு தெரியாது. மோல்டு எடுத்தப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது, முதல்ல இருந்துதான் வரணும். வருச திதி ஐப்பசின்னா இந்த மாசமே ஆரம்பிக்கணும், முடி நடுறதுக்கே வாரக்கணக்கா ஆகும். ஞாயித்துக்கிழமை பட்டறை திறந்துதான் இருக்கும், சட்டையையும் நோட்டையும் எடுத்துட்டு வாங்க.